வீட்டில் படிப்பிக்க முறை தேடுமுன், வீட்டைப் பாருங்கள்



போன கிழமை இஷாவுக்குப் பிறகு ஒரு தங்கச்சி வட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பியிருந்தார். ஆறு நிமிஷம். அவருடைய மூத்த மகன் நாலாம் ஆண்டு படிக்கிறான்.

"டீச்சர், மகன இனி ஸ்கூலுக்கு அனுப்பப் போறல்ல. வீட்டிலயே படிப்பிக்கப் போறம். யூடியூப்ல நிறையப் பாத்துட்டன். மொன்டிசோரி, ஷார்லட் மேசன், அன்ஸ்கூலிங் எண்டு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்றாங்க. இதுல எது நல்லம் எண்டு மட்டும் சொல்லுங்க."

பதில் அனுப்ப எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அந்தப் பதிலைத்தான் கொஞ்சம் விரித்து, அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை இந்த வருஷம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

முதலில் ஒன்று. நான் பாடசாலையில் சம்பளம் எடுக்கிற ஆள். "டீச்சர் வேற எப்பிடிக் கதைப்பா" என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. என் வகுப்பில் 38 பிள்ளைகள். ஒரு பாடவேளை 40 நிமிடம். இடாப்பு, கொப்பி எடுக்கச் சொல்வது, சத்தம் அடங்குவது எல்லாம் போனால் மிஞ்சுவது 30 நிமிடம். அதை 38 ஆல் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. கிழமைக்கு 35 பாடவேளை என்று வைத்தாலும், ஒரு பிள்ளைக்கென்று தனியாகக் கிடைப்பது அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. வீட்டில் ஒரு உம்மா ஒரு நாள் ஒரு மணித்தியாலம் பிள்ளையின் பக்கத்தில் இருந்தால், அது ஒரு ஆசிரியர் ஒரு கிழமை முழுக்கத் தனியாகக் கொடுப்பதைவிட அதிகம்.

ஆகவே வீட்டில் படிப்பிப்பது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நானே ஒரு தவணை அதைச் செய்தவள்.

என் மகள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது திக்கிப் பேசத் தொடங்கினாள். அவள் படித்தது நான் படிப்பிக்கிற பாடசாலையில் அல்ல, வேறொன்றில். வாசிக்க எழுப்பினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு எழும்பவே மாட்டாள். பிறகு காலையில் வயிற்றுவலி. அதிபரிடம் கடிதம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் பேச்சுச் சிகிச்சைக்கும் காட்டிக்கொண்டு, ஒரு தவணை வீட்டில் வைத்திருந்தோம்.

கலாசாலையில் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்தவள் என்ற துணிவில், முதல் நாளே பிறிஸ்டல் போர்ட்டில் நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டினேன். 8.00 தமிழ், 8.40 கணிதம், 9.20 சுற்றாடல். ஆனால் எட்டு மணிக்கு நான் என் பாடசாலையில் நிற்பேன். கணவர் கடையில். வீட்டில் இருந்தது என் உம்மா. எட்டாம் ஆண்டு வரை படித்தவர். அந்த நேரசூசியை நடத்தும்படி நான் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். நாலாவது நாள் நான் வீட்டுக்கு வரும்போது மகள் ஒரு அறையில் அழுகை, உம்மா இன்னொரு அறையில் அழுகை.

அன்றைக்கு அந்தப் பிறிஸ்டல் போர்ட்டைக் கழற்றினேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஒரு முறையும் இல்லை. உம்மா மீன் வெட்டும்போது மகள் பக்கத்தில் இருப்பாள். உம்மா தன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்வார். 1978 நவம்பரில் கிழக்கை அடித்த சூறாவளி, அன்றிரவு ஓடு பறந்தது, எல்லோரும் பள்ளிக்குள் ஒதுங்கியது. நான் பின்னேரம் வந்தால் மகள் அதையெல்லாம் எனக்குத் திருப்பிச் சொல்வாள். திக்குவாள்தான். ஆனால் நிற்கமாட்டாள், கதையை முடிப்பாள். காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. உம்மா அவளை அவசரப்படுத்துவதில்லை. அவளுடைய சொல்லை இவர் முடித்து வைப்பதுமில்லை.

மஃரிபுக்குப் பிறகு இருபது நிமிடம் நான் கணிதம் காட்டுவேன். அவ்வளவுதான். அடுத்த தவணை, வகுப்பு டீச்சரோடு கதைத்துப் பேசி, மகள் திரும்பப் பாடசாலைக்குப் போனாள். இன்றைக்கும் சில எழுத்துகளில் திக்குவாள். ஆனாலும் கை உயர்த்துகிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளை கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வைப்பது ஷார்லட் மேசன் முறையின் நடுநாயகமான பயிற்சி என்பதை நான் பிறகுதான் வாசித்து அறிந்தேன். என் உம்மாவுக்கு அந்தப் பெயர் இன்றைக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் யார் இருந்தார்களோ, அவருக்கு எது ஏலுமோ, அதிலிருந்து அந்த முறை வந்தது.

இன்னொரு பிள்ளையையும் சொல்ல வேண்டும். சில வருஷத்துக்கு முன் எட்டாம் ஆண்டுக்கு ஒரு பையன் வந்து சேர்ந்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் வீட்டில் இருந்தவன். நல்ல பையன், நல்ல கிராஅத், காட்டூன் பார்த்துப் பழகிய ஆங்கிலம் வாயில் ஓடும். ஆனால் பின்னம் தெரியாது. தமிழில் ஒரு பந்தி எழுதச் சொன்னால் இரண்டு வரியில் கை நிற்கும். தன்னைவிட இரண்டு வயது குறைந்த பிள்ளைகளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று அவனுக்கே விளங்கிய நாளிலிருந்து கடைசி வாங்கில்தான் இருப்பான். வாப்பாவை அழைத்துக் கதைத்தேன். வாப்பா வெளியூரில் வியாபாரம், உம்மாவுக்குக் கைக்குழந்தை இரண்டு. "முறை நல்ல முறைதான் டீச்சர், பிள்ளை தானாப் படிக்கும் எண்டாங்க" என்றார். அந்த முறையில் பிழை இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் இருக்க ஒரு ஆள் அந்த வீட்டில் இல்லை என்பது மட்டும் தெரியும்.

இனி முறைகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் நல்லது இருக்கிறது. எல்லாம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

*பாடசாலையை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வருவது.* நான் தோற்றது இதில்தான். ஆனாலும் ஒன்றிரண்டு தவணையில் பிள்ளையைத் திரும்ப அனுப்ப நினைக்கும் வீட்டுக்கு இதுதான் பாதுகாப்பு. செலவும் இல்லை. பாடப்புத்தகங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும் அப்படியே கிடைக்கும். அந்த வழிகாட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். முதலாம், இரண்டாம் ஆண்டுகளுக்கு விளையாட்டும் செயற்பாடும் கூட, எழுத்து வேலை குறைவு என்றுதான் நமது ஆரம்பக் கல்வி அமைந்திருக்கிறது. எழுத்து வேலை முன்னுக்கு வருவது ஐந்தாம் ஆண்டில். நாம்தான் பிள்ளை ஐந்து வயதில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும் என்று நிற்கிறோம். ஒரேயொரு எச்சரிக்கை: எட்டுப் பாடவேளையை வீட்டில் வைக்காதீர்கள். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு, பக்கத்தில் ஆள் இருந்தால், ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் தாராளம்.

*மொன்டிசோரி.* நம்மூரில் எந்த நேசரிக்கும் "மொன்டிசோரி" என்றுதான் பெயர். உள்ளே போனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு 'அ' எழுத அடிக்கோடு போட்டுக் கொடுப்பார்கள். மரியா மொன்டிசோரி இத்தாலியில் வைத்தியர். 1907 இல் ரோமில் ஒரு ஏழைக் குடியிருப்பில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி கொடுத்தார். அவர் சொன்னதன் சுருக்கம்: பிள்ளையின் கைக்கு உண்மையான வேலை கொடு, குறுக்கே போகாதே. இதற்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து மரச்சாமான் வாங்கத் தேவையில்லை. அரிசியில் கல் பொறுக்குவது, பொத்தான் போடுவது, கோப்பையில் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அதுதான். ஆறேழு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள, கொஞ்சம் பொறுமையும் உள்ள வீட்டுக்கு நல்லது. சிந்தினால் கத்துகிற வீட்டுக்கு ஏலாது.

*ஷார்லட் மேசன்.* இங்கிலாந்தில் ஆம்பிள்சைட் என்ற ஊரில் 1892 இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியவர். சின்னப் பிள்ளைக்குப் பதினைந்து இருபது நிமிடப் பாடம், நல்ல புத்தகம், வெளியே நடை, கேட்டதைத் திருப்பிச் சொல்லல். இதில் நமக்குள்ள சிக்கல் புத்தகம். தமிழில் பத்து வயதுப் பிள்ளைக்கு வாசிக்கக் கொடுக்க நல்ல புத்தகம் தேடிக் களைத்தவள் நான். ஆங்கிலப் பட்டியலை டவுன்லோட் பண்ணி, விளங்காத மொழியில் பிள்ளைக்கு வாசித்தால் முறையின் உயிர் போய்விடும். ஆனால் கதை சொல்கிற ஒரு உம்மம்மாவோ மூத்தப்பாவோ வீட்டில் இருந்தால் பாதிப் புத்தகசாலை கையில் இருக்கிறது.

*அன்ஸ்கூலிங்.* பாடத்திட்டமே இல்லாமல், பிள்ளையின் ஆர்வத்தின் பின்னால் போவது. இதைப் பரப்பிய அமெரிக்கரான ஜோன் ஹோல்ட்டும் ஒரு வகுப்பறை ஆசிரியர்தான். 1977 இல் இதற்கென்றே ஒரு சஞ்சிகை தொடங்கினார். பலர் இதை "சும்மா விடுவது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பெற்றோருக்கு ஆகக் கூடிய வேலை உள்ள முறை இது. பிள்ளை எறும்பைப் பற்றிக் கேட்டால் எறும்புப் புற்றுக்குக் கூட்டிப் போக வேண்டும், புத்தகம் தேட வேண்டும், அளக்க வைக்க வேண்டும், எழுத வைக்க வேண்டும். நேரமில்லாத வீட்டில் பிள்ளையின் ஆர்வம் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். அது போன்.

*ஹிப்ளும் பாடமும்.* காலையில் ஓதல், பின்னேரம் பாடம் என்று நம் குடும்பங்களில் பலர் திட்டமிடுகிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் பின்னேரம் பிள்ளை களைத்திருக்கும், கணிதமும் எழுத்தும் ஒவ்வொரு நாளும் நாளைக்குத் தள்ளப்படும். அந்த எட்டாம் ஆண்டுப் பையனின் வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். இப்படிச் செய்பவர்கள் பாடத்துக்கென்று காலையில் ஒரு மணித்தியாலமாவது கண்டிப்பாக ஒதுக்குங்கள்.

இந்த இடத்தில் இப்னு கல்தூனை நினைத்துக்கொள்வேன். ஆறு நூற்றாண்டுக்கு முன் எழுதிய முகத்திமாவில், பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை ஊருக்கு ஊர் வேறுபடுவதை அவர் விவரிக்கிறார். மக்ரிபில் குர்ஆன் மட்டும். அந்தலூசில் அதோடு கவிதையும் மொழியும் எழுத்தும். காழி அபூபக்ர் இப்னுல் அரபி சொன்ன இன்னொரு ஒழுங்கையும் எடுத்துக்காட்டுகிறார்: முதலில் மொழியும் கவிதையும், பிறகு கணக்கு, அதன் பிறகு குர்ஆன். அது நல்ல முறை என்று ஒத்துக்கொண்டுவிட்டு, ஆனால் மக்களின் வழக்கம் அதற்கு இடம் கொடுக்காது, வழக்கத்தின் பலம் பெரிது என்கிறார். முறை நல்லதா என்பது ஒரு கேள்வி, இந்த மனிதர்களால் அது நடக்குமா என்பது வேறு கேள்வி. அதை இவ்வளவு காலத்துக்கு முன்பே அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

ஆகவே அந்தத் தங்கச்சியிடம் நான் முறையைச் சொல்லவில்லை. நாலு கேள்வி கேட்டேன். உங்களிடமும் கேட்கிறேன்.

1. *பக்கத்தில் இருக்கப் போவது யார்?* "நாங்கள் படிப்பிப்போம்" என்று சொல்வது வாப்பா. படிப்பிக்கப் போவது பெரும்பாலும் உம்மா. சமையல், கைக்குழந்தை, மாமியின் மருந்து, இதற்கு மேல் இதுவும். ஒரு தாளில் அவருடைய ஒரு நாளை மணித்தியாலமாக எழுதுங்கள். இரண்டு மணித்தியாலம் வெறுமையாக வராவிட்டால், முதலில் வீட்டு வேலையில் எதை வாப்பா எடுக்கிறார் என்று தீர்மானியுங்கள். அதற்குப் பிறகு முறையைப் பற்றிக் கதைக்கலாம்.

2. *எந்த மொழியில்?* நீங்கள் யோசிக்கிற மொழியில்தான் நீங்கள் நன்றாகப் படிப்பிக்க முடியும். தமிழில் யோசிக்கும் உம்மா, ஆங்கில ஒன்லைன் பாடத்துக்குப் பிள்ளையைச் சேர்த்தால், பிள்ளை ஒரு இடத்தில் தடுக்கும்போது அவரால் உதவ ஏலாது. சிங்களத்தையும் மறந்துவிடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே வளரும் பிள்ளைக்கு அது கிடைக்காமலே போகும்.

3. *பதினாறு வயதில் எந்தக் கதவால் வெளியே போவது?* இலங்கையில் கல்வி கட்டாயம். முன்னர் 5 முதல் 14 வயது வரை இருந்தது, 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளையை நிறுத்துமுன் அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். விடுகைப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். சாதாரண தரத்துக்குத் தனியார் பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். ஆனால் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று ஆறு பாடம் கட்டாயம், தொகுதிப் பாடம் மூன்று. ஒன்பதையும் வீட்டில் யார் பார்ப்பது? கேம்பிரிட்ஜ், எடெக்செல் என்றால் பாடத்துக்குப் பாடம் கட்டணம். பாடசாலைப் பிள்ளைக்கு அடையாள அட்டை விண்ணப்பம் அதிபர் மூலம் போகும். வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள்தான் கிராம சேவகரிடம் போக வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் இப்படிச் சின்னது நிறைய இருக்கும்.

4. *ஏன் நிறுத்துகிறீர்கள்?* இதை நான் கடைசியில்தான் கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்தத் தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காலையில அழுறான் டீச்சர். ஏன் எண்டு சொல்றானில்ல" என்றார்.

ஆறு நிமிஷ வொய்ஸில் மொன்டிசோரி இருந்தது, ஷார்லட் மேசன் இருந்தது. இந்த அழுகை இருக்கவில்லை.

பிள்ளை அழுவதற்கு நூறு காரணம் இருக்கலாம். பலகை எழுத்து தெரியாமல் இருக்கலாம். வேனில் யாரும் சீண்டலாம். அடி விழலாம். அதைவிட மோசமான ஒன்றும் இருக்கலாம், அப்படியானால் பிள்ளையை அனுப்பாமல் இருப்பது சரி, ஆனால் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருப்பது சரியில்லை. காரணம் தெரியாமல் வீட்டில் வைத்தால் அழுகை நிற்கும், காரணம் பிள்ளைக்குள்ளேயே இருக்கும். என் மகளுக்குக் காரணம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒரு தவணை போதுமாக இருந்தது.

ஏற்கனவே தீர்மானித்துவிட்ட குடும்பங்களுக்கு ஒரு யோசனை. நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் விடுமுறை இருக்கிறது. அந்த மாதத்தில் ஒத்திகை பாருங்கள். நோன்பு, நித்திரை குறைவு, இஃப்தார் வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், விடாமல் நடத்த முடிந்தால், மற்றப் பதினொரு மாதமும் நடத்தலாம். முடியாவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. பாடசாலை திறக்கும், பிள்ளை போகும், பெயர் இடாப்பில் இருக்கும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் பூட்டியபோது எல்லா வீடும் ஒரே நாளில் பாடசாலையானது. திறந்த பிறகு என் வகுப்பில் நான் பார்த்தது இது: பின்தங்காமல் வந்த பிள்ளைகள் எல்லோர் வீட்டிலும் டெப் இருக்கவில்லை. ஒரு வீட்டில் மூத்த தாத்தா, ஒரு வீட்டில் வேலையிழந்து வீட்டில் இருந்த வாப்பா, ஒரு வீட்டில் பக்கத்து வீட்டு மாமி. யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கிறார்.

அந்தத் தங்கச்சியின் மகன் திங்கட்கிழமையிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான். "கொஞ்ச நாளைக்கு முறை ஒண்டும் வேணாம், அவனோட சும்மா இருங்க, உங்களோட சேர்ந்து தேங்காய் துருவட்டும், பேச வந்தா காது குடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். வகுப்பு டீச்சரோடும் கதைக்கச் சொன்னேன். சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போகிறேன். படிப்பிக்க அல்ல. அவன் நன்றாகக் கெரம் விளையாடுவானாம்.

வீட்டில் படிப்பித்தவர்கள், தொடங்கிவிட்டு நிறுத்தியவர்கள், இப்போது யோசிப்பவர்கள், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். வெற்றியை மட்டும் எழுத வேண்டாம், நாலாம் நாள் அழுததையும் எழுதுங்கள். யாரோ ஒரு உம்மாவுக்கு அதுதான் உதவும்.

அந்தப் பிள்ளைக்காகவும் துஆச் செய்யுங்கள்.